காணாமற்போன பாட்டி
ஒரு நாவலும் அடிமை வரலாறு பற்றிய விவாதமும்



எனது சென்ற உரையைக் கேட்ட நேயர் ஒருவர் ஒரு கடிதம் அனுப்பியிருந்தார். தாம் சிறுகதை எழுதிப் பழகும் இளைஞர் என்று தம்மை அறிமுகம் செய்துகொண்ட அவர், ஒரு கேள்வியைத்தான் கேட்டிருந்தார். "நான் அனுபவியாத துன்பத்தை நான் எழுதலாமா? எழுதினால், அதை அனுபவித்தவர்களின் பிள்ளைகள் என்மீது கோபம் கொள்வது நியாயமா?"

ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல்லில் பதில் எழுதி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. இதே கேள்வி 1967ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒரு நாவலை முன்னிட்டு எழுந்தது. எழுத்தாளர்களும் வரலாற்றாசிரியர்களும் இரு அணிகளாகப் பிரிந்து வாதிட்டார்கள். அந்த வாதத்தில் நான் முதலில் ஒரு பக்கம் நின்று, பின்னர் இன்னொரு பக்கம் நகர்ந்தவன். ஏன் நகர்ந்தேன் என்பதை இன்று உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

நாவலின் பெயர் 'நெட் டேர்னரின் ஒப்புதல் வாக்குமூலம்'. எழுதியவர் வில்லியம் ஸ்டைரன் என்ற வெள்ளை அமெரிக்கர். நாவலைப் பற்றிப் பேசுமுன் அந்த நெட் டேர்னர் யார் என்பதைப் பார்த்துவிடுவோம்.

வேர்ஜீனியா மாநிலத்தில் சவுத்ஹாம்ப்டன் என்றொரு மாவட்டம். அங்கே 1800ஆம் ஆண்டு ஒக்டோபரில் அடிமையாகப் பிறந்தவர் நெட் டேர்னர். எழுதப் படிக்கத் தெரிந்தவர். விவிலியத்தில் ஊறியவர். தம் இனத்தவருக்குப் போதனை செய்தவர். தமக்குத் தெய்வக் காட்சிகள் கிடைப்பதாக நம்பியவர். 1831 பெப்ரவரியில் தோன்றிய சூரிய கிரகணத்தை இறைவன் தந்த அடையாளமாகக் கொண்டார். அவ்வாண்டு ஓகஸ்ட் 21ஆம் திகதி, ஞாயிறு இரவு, ஒரு சிறு குழுவுடன் புறப்பட்டு, தாம் வேலை செய்த வீட்டிலேயே கிளர்ச்சியைத் தொடங்கினார். இரண்டு நாட்களுக்குள் ஐம்பத்தைந்து வெள்ளையர் அளவில் கொல்லப்பட்டார்கள். அவர்களுள் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். முதல் வீட்டில் தொட்டிலில் உறங்கிய ஒரு கைக்குழந்தையை மறந்துவிட்டு வந்தவர்கள், நினைவு வந்ததும் திரும்பிச் சென்று அதையும் கொன்றார்கள்.

இதை நான் மறைக்காமல் சொல்வதற்குக் காரணம் உண்டு. நெட் டேர்னரைப் பற்றி வாதிடுவோர் எவராயினும் அந்தத் தொட்டிலைத் தாண்டித்தான் போகவேண்டும்.

கிளர்ச்சி அடக்கப்பட்டது. ஆயுதம் தாங்கிய வெள்ளையர் பழிவாங்கப் புறப்பட்டனர். கிளர்ச்சியோடு எந்தத் தொடர்பும் இல்லாத கறுப்பினத்தவர்களும் கொல்லப்பட்டார்கள். அவர்கள் எத்தனை பேர் என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே இன்றுவரை உடன்பாடில்லை. கொல்லப்பட்ட வெள்ளையருக்குப் பெயர்ப்பட்டியல் உண்டு. கொல்லப்பட்ட கறுப்பினத்தவருக்கு இல்லை. நேயர்கள் இந்த வித்தியாசத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

டேர்னர் இரண்டு மாதங்கள் ஒளிந்திருந்து ஒக்டோபர் 30ஆம் திகதி பிடிபட்டார். நவம்பர் 5இல் விசாரணை, 11இல் தூக்கு. மரண தண்டனை விதித்த நீதிமன்றமே அவருக்கு ஒரு விலையையும் நிர்ணயித்தது. 375 டொலர். அரசு ஓர் அடிமையைத் தூக்கிலிட்டால் உரிமையாளருக்கு நட்டஈடு கொடுக்க வேண்டும் என்பது அன்றைய சட்டம். குற்றத்துக்குப் பொறுப்பேற்கும்போது அவர் மனிதர். கணக்குத் தீர்க்கும்போது அவர் பொருள். அடிமைமுறை என்றால் என்னவென்று யாராவது என்னிடம் கேட்டால் இந்த 375 டொலரைத்தான் சொல்வேன்.

அவர் சிறையில் இருந்த நாட்களில் தோமஸ் கிரே என்ற வெள்ளை வழக்கறிஞர் அவரைச் சந்தித்துப் பேசினார். அந்தப் பேச்சை ஒரு சிறு பிரசுரமாக அச்சிட்டு அதே நவம்பரில் வெளியிட்டார். நெட் டேர்னர் தன் கதையைத் தன் வாயால் கூறுவதுபோல் அமைந்தது அது. ஆனால் எழுதிய கை கிரேயினுடையது. எது டேர்னர் சொன்னது, எது கிரே சேர்த்தது என்று பிரித்தறிய இன்று வழியில்லை. ஆயினும், ஒரு மனிதரின் உள்ளத்தை அறிய நமக்கு எஞ்சியிருக்கும் பிரதான ஆவணம் அதுதான்.

அந்தப் பிரசுரத்தில் ஒரு பாட்டி வருகிறார்.

டேர்னர் சிறு பையனாக இருந்தபோது, தாம் பிறப்பதற்கு முன் நடந்த சம்பவங்களை அறிந்தவர்போலப் பேசினாராம். இவன் பெரிய காரியத்துக்காகப் பிறந்தவன் என்று தாயும் தந்தையும் அவருக்கு நம்பிக்கை ஊட்டினார்கள். மிகுந்த பக்தியுள்ள ஒரு பாட்டி இருந்தார். அவர்மேல் பையனுக்குப் பெரும் பற்று. அவர் அம்மம்மாவா அப்பம்மாவா என்பது பிரசுரத்தில் இல்லை. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் சொல் ஒன்றுதானே. எழுத்தை எப்போது கற்றோம் என்பதே தமக்கு நினைவில்லாத அளவுக்கு எளிதாகக் கற்றதாகவும் டேர்னர் கூறுகிறார். மொத்தத்தில் ஒரு சில வரிகள்தாம். ஆனால் அந்தச் சில வரிகளுக்குள் ஒரு குடும்பமே இருக்கிறது.

இனி ஸ்டைரனுக்கு வருவோம். அவர் 1925இல் அதே வேர்ஜீனியாவில் பிறந்தவர். அவருடைய பாட்டி, தாம் சிறுமியாக இருந்த காலத்தில் தமக்கென இரண்டு அடிமைச் சிறுமிகள் இருந்ததைப் பேரனுக்குச் சொல்லியிருக்கிறார். அந்த நினைவு ஸ்டைரனை விட்டு அகலவில்லை. 1960இன் இறுதியில், கறுப்பின எழுத்தாளர் ஜேம்ஸ் போல்ட்வின் சில மாதங்கள் ஸ்டைரனின் விருந்தினர் விடுதியில் தங்கி எழுதினார். அடிமைகளின் வழிவந்தவரும் அடிமைகளை வைத்திருந்தவர்களின் வழிவந்தவரும் இரவிரவாக இருந்து பேசினார்கள். கறுப்பு மனிதனின் உள்ளத்துக்குள் புகுந்து, தன்மை ஒருமையில் 'நான்' என்று எழுதும் துணிவை ஸ்டைரனுக்கு ஊட்டியவர்களில் போல்ட்வினும் ஒருவர்.

நாவல் 1967 ஒக்டோபரில் வெளியானது. அந்தக் கோடையில்தான் நெவார்க், டெட்ரொயிட் நகரங்கள் எரிந்திருந்தன. கறுப்பின மக்கள் ஏன் எழுகிறார்கள் என்பதை அறியத் துடித்த வெள்ளை வாசகர்களுக்கு, கிளர்ச்சிக்காரர் ஒருவரே பேசுவதுபோன்ற ஒரு நாவல் கிடைத்தது. பெரும் விற்பனை. பத்திரிகைகளில் பாராட்டு. 1968இல் புலிற்சர் பரிசு.

அதே ஆண்டில் பொஸ்டனிலிருந்து ஒரு தொகுப்பு நூல் வெளிவந்தது. ஜோன் ஹென்றிக் கிளார்க் பதிப்பித்தார். லெரோன் பெனட், வின்சன்ட் ஹார்டிங், ஜோன் ஒலிவர் கிலென்ஸ், மைக் தெல்வெல் உட்படப் பத்துக் கறுப்பின எழுத்தாளர்கள் ஸ்டைரனுக்கு எழுதிய மறுமொழி அது. கோபமான நூல். மார்ட்டின் லூதர் கிங் அவ்வாண்டு ஏப்ரலில்தான் கொல்லப்பட்டிருந்தார் என்பதையும் சேர்த்து நினைத்துப் பார்க்கவேண்டும்.

நான் முதலில் படித்தது நாவலைத்தான். கொழும்பில் ஒரு நண்பர் இரவல் தந்த பிரதி. அதன் மொழி என்னைக் கவர்ந்தது. பின்னர் கறுப்பின எழுத்தாளர்களின் எதிர்ப்பைப் பற்றி யாரோ சொல்லக் கேட்டபோது, 'வெள்ளையன் எழுதக்கூடாது என்கிறார்கள் போலும், கற்பனைக்கு நிறம் உண்டா' என்று அதை ஒதுக்கிவிட்டேன். எதிர்ப்பைப் படிக்காமலே எதிர்ப்பாளர்களுக்கு நான் பதில் சொல்லிவிட்டேன். அந்தத் தொகுப்பு என் கைக்கு வர இன்னும் பல ஆண்டுகள் சென்றன.

படித்தபோதுதான் தெரிந்தது. அவர்களுடைய வாதத்தின் பலமான பகுதி, எழுதியவரின் தோலின் நிறம் பற்றியதல்ல. ஆவணத்தில் இருந்ததை நாவலாசிரியர் என்ன செய்தார் என்பதே அவர்களது கேள்வி.

நாவலில் அந்தப் பாட்டி இல்லை. அதாவது, இருக்கிறார், ஆனால் பேரன் பிறக்குமுன்பே இறந்துவிடுகிறார். ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒரு பதின்மூன்று வயதுச் சிறுமியாக வந்து, பிள்ளையைப் பெற்று, சித்தம் கலங்கி மாண்டுபோகிறார். பேரனுக்கு அவர் ஊட்டிய பக்தி, பேரன் அவர்மேல் வைத்த பற்று, இரண்டும் மறைந்துவிட்டன. எழுத்தறிவு வெள்ளை எஜமானின் வீட்டார் தந்த கொடையாகிவிடுகிறது. எஜமானர்களுள் நல்லவர் ஒருவர் விடுதலை தருவதாக வாக்களித்து, அது நிறைவேறாமற் போவது கதையின் பெரிய திருப்பமாகிறது. டேர்னர் தம் கையால் கொன்றது மார்கிரட் வைற்ஹெட் என்ற ஓர் இளம்பெண்ணை மட்டுமே என்று பிரசுரம் கூறுகிறது. நாவலோ அவளை அவருடைய நிறைவேறாத ஆசைக்கு உரியவளாக்கி, அதையே கதையின் மையத்தில் வைக்கிறது. டேர்னருக்கு ஒரு மனைவி இருந்தார் என்பதற்கு வேறு பழைய குறிப்புகள் உண்டு. தோமஸ் வென்ற்வேர்த் ஹிகின்சன் 1861இல் எழுதிய கட்டுரையிலும் அவர் குறிப்பிடப்படுகிறார். நாவலில் மனைவியும் இல்லை.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பாருங்கள். கிளர்ச்சிக்காரரின் பக்தி, அறிவு, ஆசை, கோபம் ஆகிய அனைத்துக்கும் ஊற்று வெள்ளையரின் வீடாகிவிடுகிறது. கறுப்பு மக்கள் வாழ்ந்த குடிசைகளிலிருந்து அவருக்கு எதுவுமே கிடைக்கவில்லை என்றாகிறது. பத்து எழுத்தாளர்களும் வெவ்வேறு குரலில் கேட்டது இதைத்தான்: எங்கள் பாட்டி எங்கே?

ஸ்டைரனுக்கும் நியாயம் உண்டு. தாம் எழுதியது வழக்கமான வரலாற்று நாவல் அல்ல, வரலாறு பற்றிய ஒரு தியானம் என்று முன்குறிப்பிலேயே அவர் கூறியிருந்தார். வரலாற்றாசிரியர் யூஜின் ஜெனோவீஸ் அவருக்காக வாதாடினார். களங்கமில்லாத ஒரு வீரனைத்தான் எதிர்ப்பாளர்கள் தேடுகிறார்கள். தடுமாறும் மனிதனை ஏற்க அவர்கள் தயாரில்லை என்பது அவருடைய குற்றச்சாட்டு. இதில் உண்மை இல்லாமலில்லை. சில கட்டுரைகள் டேர்னரைத் தவறே செய்யாத தளபதியாக உயர்த்துகின்றன. தொட்டிற் குழந்தையைப் பற்றி அவை பேசுவதில்லை. கொலையின்முன் தயங்கும் ஒரு மனிதனை ஸ்டைரன் காட்டியது எதிர்ப்பாளர்களுக்கு இழிவாகப் பட்டது. எனக்கு அது நாவலின் மிகச் சிறந்த பகுதியாகவே இன்றும் படுகிறது.

ஆனாலும் பாட்டியைப் பற்றிய கேள்விக்கு இது பதிலாகாது. தடுமாறும் மனிதனுக்கும் ஒரு பாட்டி இருக்கலாம் அல்லவா?

அவரை ஏன் நீக்கவேண்டும் என்று ஸ்டைரனுக்குத் தோன்றியது? இங்கேதான் இந்த இலக்கியச் சண்டை வரலாற்றுச் சண்டையாகிறது. 1918இல் யூ.பி. பிலிப்ஸ் என்ற வரலாற்றாசிரியர், பெருந்தோட்டத்தை அடிமைகளைப் பண்படுத்திய ஒரு பள்ளிக்கூடம்போலச் சித்திரித்தார். அவரது கருத்து நெடுங்காலம் பாடநூல்களை ஆண்டது. 1959இல் ஸ்டான்லி எல்கின்ஸ் அதற்கு நேர்மாறான இடத்திலிருந்து தொடங்கினார். அடிமைமுறை நாஜிகளின் வதைமுகாம் போன்றது, அது மனிதரின் ஆளுமையையே நொறுக்கிக் குழந்தைபோலாக்கிவிட்டது என்றார். ஸ்டைரன் எல்கின்ஸைப் படித்து ஈர்க்கப்பட்டவர். ஒருவர் அடிமைமுறைக்கு வக்காலத்து வாங்கினார். மற்றவர் அதன் கொடுமையைச் சாடினார். எனினும் ஓரிடத்தில் இருவரும் சந்திக்கிறார்கள். அடிமைக்கென்று சொந்தமாக ஓர் உலகம் இல்லை, அவன் எஜமான் செய்த வார்ப்பு என்பதே அந்த இடம். அத்தகைய உலகில் பாட்டிக்கு வேலையில்லை.

அடிமைகளே எழுதிவைத்தவற்றைப் பார்த்தால் என்ன என்று கேட்கலாம். அந்த நூல்கள் இருந்தன. நம்பப்படவில்லை. ஹரியட் ஜேக்கப்ஸ் என்ற பெண் வட கரோலைனாவில் அடிமையாக இருந்தவர். எஜமானிடமிருந்து தப்பி, தன் பாட்டியின் வீட்டுக் கூரைக்கடியில், நிமிர்ந்து நிற்கவும் முடியாத ஓர் இடுக்கில், ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் ஒளிந்திருந்தவர். அந்த அனுபவத்தைப் புனைபெயரில் எழுதி 1861இல் வெளியிட்டார். அது கட்டுக்கதை, வெள்ளைப் பெண் ஒருத்தி எழுதியது என்று கூறி நூறாண்டுக்கு மேல் ஒதுக்கி வைத்தார்கள். அடிமைகளின் நூல்களை மதித்து 1972இல் வரலாறு எழுதிய ஜோன் பிளாசிங்கேம் என்ற கறுப்பின அறிஞர்கூட இதை நம்ப மறுத்தார். ஜீன் ஃபேகன் யெலின் என்ற ஆய்வாளர் கடிதங்களையும் பதிவேடுகளையும் தேடியெடுத்து, நூல் ஜேக்கப்ஸினுடையதே என்று நிறுவி, 1987இல் பதிப்பித்தார். கூரையும் உண்மை, ஏழு ஆண்டும் உண்மை, அந்தப் பாட்டியும் உண்மை.

நேயர்களே, விவாதத்தின் அடி இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். வேர்ஜீனியாவில் ஒரு வெள்ளையருக்கு எதிராக எந்தக் கறுப்பினத்தவரும் நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல முடியாது. அவர்களுக்கு எழுத்தறிவிக்கும் கூட்டங்களுக்குச் சட்டத் தடை இருந்தது. டேர்னரின் கிளர்ச்சிக்குப் பின் 1832இல், அவர்கள் மதபோதனை செய்வதும் தடுக்கப்பட்டது. முதலில் வாயைக் கட்டினார்கள். பிறகு, எழுத்தில் எதுவும் இல்லையே என்றார்கள். ஆகவே அடிமை வரலாற்றில் நாம் காணும் வெற்றிடம் இயற்கையானதல்ல. அந்த முறையின் கைவேலை. அத்தகைய வெற்றிடத்தைக் கற்பனையால் நிரப்ப எழுத்தாளனுக்கு உரிமை உண்டு. ஆனால் வெற்றிடத்துக்கு நடுவே தப்பிப் பிழைத்த சில வரிகள் இருக்குமானால், அவற்றை அழித்துவிட்டு எழுதுவது வேறு காரியம். ஸ்டைரன்மீது எனக்குள்ள குறை இவ்வளவுதான். ஆனால் அது சிறிய குறையல்ல.

அந்தச் சண்டையால் விளைந்த நன்மைகளும் உண்டு. 1930களின் பிற்பகுதியில் அமெரிக்க அரசின் திட்டமொன்றின்கீழ், முன்னாள் அடிமைகள் இரண்டாயிரத்து முந்நூறுக்கும் மேற்பட்டோரிடம் நேரிற் கேட்டு எழுதிய வாக்குமூலங்கள் இருந்தன. வரலாற்றாசிரியர்கள் பலர் 1970களில் அவற்றை மீண்டும் எடுத்துப் படித்தார்கள். ஜெனோவீஸும் அவர்களுள் ஒருவர். ஹேர்பர்ட் கட்மன் 1976இல் வெளியிட்ட பெரும் நூல், அடிமைக் குடும்பங்கள் விற்பனையால் சிதறுண்ட போதிலும் உறவைக் காத்த விதத்தைக் காட்டியது. தகப்பனின் பெயரையும் பாட்டன் பாட்டியின் பெயரையும் பிள்ளைகளுக்கு வைத்து, சிதறியவர்களை அவர்கள் நினைவில் வைத்திருந்தார்கள். பெயரன், பெயர்த்தி என்று சொல்லும் நமக்கு இதை விளங்கப்படுத்த வேண்டியதில்லை.

படைப்பிலக்கியத்திலும் பதில் வந்தது. ஷேர்லி ஆன் வில்லியம்ஸ் 1986இல் 'டெசா ரோஸ்' என்ற நாவலை எழுதினார். டேர்னரைப் பற்றிய அந்த நாவல் மூட்டிய சினமும் தம்மை எழுதத் தூண்டியது என்று முன்னுரையில் வெளிப்படையாகவே குறிப்பிடுகிறார். சிறையிலிருக்கும் ஓர் அடிமைப் பெண்ணிடம் வெள்ளையர் ஒருவர் கதை கேட்டு எழுத வருகிறார்; அவரால் அவளை எழுத்தில் பிடிக்க முடியவில்லை. கிரேக்கும் ஸ்டைரனுக்கும் ஒருசேர வந்த பதில் அது. அடுத்த ஆண்டில் ரொனி மொறிசனின் 'பிலவட்' வெளியாயிற்று. பெற்ற குழந்தை மீண்டும் அடிமையாகக்கூடாது என்று அதைத் தன் கையாலேயே கொன்ற மார்கிரட் கார்னர் என்ற தாயின் 1856ஆம் ஆண்டுச் சம்பவம் அதற்கு வித்து. தொட்டிலைத் தாண்டிப் போகாமல், அதன் அருகிலேயே நின்று எழுதப்பட்ட நாவல் என்று அதைச் சொல்வேன். அதிலே பேபி சக்ஸ் என்ற பாட்டி வருகிறார். காட்டு வெளியில் தம் மக்களைக் கூட்டிப் போதனை செய்கிறார். ஸ்டைரன் நீக்கிய இடத்தில் மொறிசன் ஒரு பாட்டியை நிறுத்தியது அவரை எண்ணித்தானா என்று நான் அறியேன். வாசகனாகிய எனக்கு அப்படித்தான் பட்டது.

விவாதம் ஓய்ந்துவிடவில்லை. 2019இல் நியூயோர்க் டைம்ஸ் சஞ்சிகை '1619' என்ற தலைப்பில், அடிமைமுறையை அமெரிக்க வரலாற்றின் மையத்தில் வைத்து ஒரு தொகுதியை வெளியிட்டது. புகழ்பெற்ற ஐந்து வரலாற்றாசிரியர்கள் அதன் சில கூற்றுகளை மறுத்துக் கடிதம் எழுதினார்கள். 2021இல் வேர்ஜீனியாவின் ஆளுநர் தேர்தலில், 'பிலவட்' நாவலைப் பாடசாலையில் படிப்பிக்கலாமா என்பதே பிரசாரப் பொருளாயிற்று. அதே ஆண்டு செப்டெம்பரில் தலைநகர் ரிச்மண்டில் இரண்டு காரியங்கள் நடந்தன. அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலங்களின் தளபதி லீயின் பிரமாண்டமான சிலை அகற்றப்பட்டது. இரண்டு வாரங்களில், அடிமை விடுதலையைக் குறிக்கும் நினைவுச் சின்னம் ஒன்று திறந்துவைக்கப்பட்டது. அதன் பீடத்தில் இடம்பெற்ற வேர்ஜீனியர் பத்துப் பேரில் நெட் டேர்னரும் ஒருவர். குழந்தைகள் கொல்லப்படக் காரணமானவருக்கு இந்த மரியாதையா என்று முன்னரே எதிர்ப்பு எழுந்திருந்தது. அந்தக் கேள்வியை அற்பமானதென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் நூறாண்டுக்கு மேல் உயர்ந்து நின்ற லீயின் சிலையைப் பார்த்து அதே கேள்வியைக் கேட்டவர்கள் எத்தனை பேர் என்றும் யோசிக்க வேண்டியிருக்கிறது.

கடிதம் எழுதிய தம்பிக்கு என் பதிலைச் சொல்லிவிடுகிறேன். எழுதுங்கள். எவரும் உங்களைத் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. ஆனால் எழுதுமுன், அந்த மக்கள் தாமே சொல்லியவை எங்காவது நாலு வரியாவது இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அந்த நாலு வரியையும் உங்கள் வசதிக்காக வெட்டாதீர்கள். எழுதி முடித்தபின் அவர்களுடைய பிள்ளைகள் கோபத்தோடு வந்தால், என்னைப்போல் படிக்காமலே பதில் சொல்லிவிட வேண்டாம். இருந்து கேளுங்கள். கோபம் எல்லாமே நியாயமாக இராது. ஆனால் அவர்களுடைய பாட்டியைப் பற்றி உங்களைவிட அவர்களுக்குத் தெரிந்த ஏதோ ஒன்று அதற்குள் இருக்கும்.

நேரம் வாய்க்கும் நேயர்கள் கிரேயின் சிறு பிரசுரத்தை முதலிலும், ஸ்டைரனின் நாவலை அடுத்தும், 'பிலவட்'டை இறுதியிலும் என்று அந்த வரிசையிலேயே படித்துப் பாருங்கள். உங்கள் கருத்து என்னுடையதிலிருந்து வேறுபட்டால் எழுதுங்கள்.